குவ்வத் எங்கிருந்து வருகிறது? – இலையும் செல்லும் சொல்லும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

பாங்கு சொல்லும்போது முஅத்தின் சொல்வதையே நாமும் திருப்பிச் சொல்கிறோம். ஆனால் தொழுகைக்கு வாருங்கள், வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று அவர் அழைக்கும் இடத்தில் மட்டும் நம் பதில் வேறு. "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்" என்கிறோம். அசைவதற்குரிய திராணியும் சக்தியும் அல்லாஹ்வைக் கொண்டே தவிர இல்லை என்பது அதன் பொருள். அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், இந்த வார்த்தை சொர்க்கத்தின் பொக்கிஷங்களில் ஒன்று என்று சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது.

அழைப்பு வந்ததும் ஏன் இதைச் சொல்கிறோம்? பள்ளிவாசலுக்கு நடந்து வர கால் வேண்டும். காலை அசைக்க சக்தி வேண்டும். அந்தச் சக்தி என் சொந்தச் சரக்கில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுந்திருக்கிறோம். இன்றைய ஜும்ஆவில் இந்த ஒரு சொல்லை, குவ்வத் என்ற சொல்லை, கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். நம் கையைத் தக்பீருக்கு உயர்த்தும் அந்தச் சக்தி எங்கிருந்து கிளம்பியது? எந்த வழியாக வந்தது? யார் கையெல்லாம் மாறி நம்மிடம் வந்து சேர்ந்தது?

முதலில் ஓர் எச்சரிக்கை

இப்படி விஞ்ஞானம் பேசும்போது நம்மிடையே ஒரு பழக்கம் வந்துவிட்டது. புதிதாக எது கண்டுபிடிக்கப்பட்டாலும், இது 1400 ஆண்டுகளுக்கு முன்பே குர்ஆனில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஓடவிடுகிறோம். சகோதரர்களே, குர்ஆன் ஹிதாயத்துடைய கிதாப். அது தாவரவியல் பாடநூலாக இறங்கவில்லை. விஞ்ஞானிகளின் கருத்து நாளைக்கு மாறலாம். மாறும் ஒன்றை மாறாத வேதத்தின் மேல் ஒட்டி வைப்பது வேதத்துக்குச் செய்யும் மரியாதையும் இல்லை.

ஆனால் குர்ஆன் நம்மைப் பார்க்கச் சொல்கிறது. அபஸ சூராவின் 24-வது வசனத்தில், மனிதன் தன் உணவின் பக்கம் தன் பார்வையைத் திருப்பட்டும் என்று கட்டளை வருகிறது. தாரியாத் சூராவின் 21-வது வசனத்தில், உங்களுக்குள்ளேயே அத்தாட்சிகள் இருக்கும்போது அவற்றைப் பார்க்க வேண்டாமா என்று அல்லாஹ் கேட்கிறான். ஆகவே உணவையும் நம்மையும் பார்க்கப் போகிறோம். பார்ப்பதும் இபாதத்தான்.

அடுப்பில்லாத சமையல்கட்டு

17-ம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியம் இருக்கும் பகுதியில், வான் ஹெல்மான்ட் என்ற ஒருவர் ஒரு சோதனை செய்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டார். சுமார் 2 கிலோ எடையுள்ள ஒரு வில்லோ மரக் கன்றை அதில் நட்டார். 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டார். சுமார் 76 கிலோ இருந்தது. மண்ணை உலர்த்தி எடை போட்டார். அதில் குறைந்தது 60 கிராம் அளவுகூட இல்லை.

அப்படியானால் 70 கிலோவுக்கு மேல் மரம் எங்கிருந்து வந்தது? எல்லாம் தண்ணீரிலிருந்து என்று அவர் நினைத்தார். அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதி காற்றிலிருந்து வந்தது. நாம் கண்ணால் காண முடியாத, நாம் மூச்சாக வெளியே விடுகிற கார்பன் டை ஆக்ஸைடிலிருந்து வந்தது. நாம் சாய்ந்து உட்காரும் இந்தத் தூண் மரத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் காற்றாக இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

காற்றையும் தண்ணீரையும் சேர்த்து உணவாக்குவது யார்? இலை. ஓர் இலையின் செல்லுக்குள் பசுங்கணிகம் என்ற மிகச்சிறிய பச்சை உறுப்புகள் பல இருக்கின்றன. அவற்றுக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். சூரிய ஒளி சுமார் 8 நிமிடம் பயணம் செய்து பூமிக்கு வருகிறது. பச்சையம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த சக்தியால் தண்ணீர் பிளக்கப்படுகிறது. தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் வெளியே போகிறது. மிஞ்சியதும் காற்றிலிருந்து எடுத்த கார்பனும் சேர்ந்து சர்க்கரையாகிறது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை என்று படித்தோம்.

சத்தம் இல்லை, புகை இல்லை, அடுப்பு இல்லை. நாம் நாலு பேருக்குச் சமைத்தாலே தெருவுக்கே தெரிகிறது. உலகத்தின் உயிர்களுக்கெல்லாம் சமைக்கிற இலை, ஓசை காட்டாமல் வாசலில் நிற்கிறது. அது வேண்டாம் என்று வெளியே விடும் ஆக்சிஜன்தான் இப்போது நம் நெஞ்சுக்குள் போய்வந்துகொண்டிருக்கிறது.

1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், தண்ணீருக்குள் வைத்த பச்சை இலைகள் வெளிச்சத்தில் குமிழ் விடுவதையும், இருட்டில் அது நின்றுவிடுவதையும் எழுதி வைத்தார். வெளிச்சம் இல்லையென்றால் இந்தச் சமையல் இல்லை. கஸஸ் சூராவின் 71-வது வசனத்தில், மறுமை நாள்வரை இரவையே நீடிக்கச் செய்துவிட்டால் அல்லாஹ்வைத் தவிர வேறு யார் உங்களுக்கு வெளிச்சத்தைக் கொண்டுவருவார் என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியை இனி ஓதும்போது விளக்கை மட்டும் நினைக்காதீர்கள். நம் சோற்றுத் தட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

செடிக்கும் பசிக்கும்

இங்கே பலரும் ஒரு விஷயத்தை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். செடி சமைக்கும், விலங்கும் மனிதனும் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். செடியும் சாப்பிட வேண்டும். தான் சமைத்த சர்க்கரையைத் தானும் உடைத்துச் சக்தி எடுத்துத்தான் வேர் மண்ணைத் துளைக்கிறது, மொட்டு விரிகிறது. இரவும் பகலும் செடி மூச்சு விடுகிறது. மண்ணுக்குள் புதைந்த விதைக்கு ஏது வெளிச்சம்? தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சேமிப்பைத் தின்றுதான் அது முளைவிட்டு மேலே வருகிறது. அந்த நெல்லின் சேமிப்பைத்தான் நாம் சோறாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு குஞ்சுச் செடிக்கு வைத்திருந்த கட்டுச்சோறு நமக்கு ஹலாலாக்கப்பட்டிருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லாமல் அதில் கை வைக்க மனம் வருமா?

500 ரூபாய் நோட்டும் சில்லறையும்

சரி, சோறு வயிற்றுக்குள் போனது. குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலந்து ஒவ்வொரு செல்லின் வாசலுக்கும் போகிறது. அங்கேயும் ஒரு விஷயம் பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் அது தசைச் செல்லுக்குள் போதிய அளவு போகாமல் களைத்துப்போகிற நீரிழிவு நோயாளிகள் நம் முஹல்லாவில் எத்தனை பேர்! ரிஜ்க் வாசல்வரை வருவது ஒரு நிஃமத். அது உள்ளே போய்ப் பலன் தருவது தனியாக இன்னொரு நிஃமத்.

உள்ளே போன குளுக்கோஸைச் செல் அப்படியே பயன்படுத்த முடியாது. டவுன் பஸ்ஸில் 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார்? குளுக்கோஸ் அந்தப் பெரிய நோட்டு. செல்லுக்கு வேண்டியது சில்லறை. அந்தச் சில்லறைக்குப் பெயர் ஏடிபி. கண் இமைக்க, இதயம் துடிக்க, ஒரு நினைவு மூளையில் ஓட, எல்லாவற்றுக்கும் செல் கொடுப்பது இந்தச் சில்லறையைத்தான்.

நோட்டை மாற்றித் தரும் இடத்தின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. நம் செல்களுக்குள் இருக்கும் சக்திக்கூடம் அது. செடியின் செல்லிலும் இருக்கிறது. அது வேலை செய்யும் விதத்தை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். மேட்டூர் அணையில் தண்ணீரைத் தேக்குகிறார்கள். தேங்கிய தண்ணீர் கீழே இறங்கும்போது டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரம் வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு அணைச்சுவர் மாதிரி. உணவிலிருந்து எடுத்த சக்தியால், புரோட்டான் என்னும் நுண்துகள்கள் சுவரின் ஒரு பக்கம் தேக்கப்படுகின்றன. அவை திரும்பி வரும் வழியில் ஒரு சக்கரம் இருக்கிறது. அது உண்மையிலேயே சுழல்கிறது. சுழலும்போது ஏடிபி தயாராகிறது.

1961-ல் பீட்டர் மிச்செல் என்ற ஆங்கிலேயர் இந்தத் தேக்கத்தைப் பற்றிச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் சக்கரம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியதற்காக போயர், வாக்கர் என்ற இருவர் 1997-ல் அந்தப் பரிசில் பங்கு பெற்றார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்று கண்டறிந்தவர்களுக்கே இவ்வளவு கண்ணியம் என்றால், அதை வடிவமைத்தவனுக்கு எவ்வளவு ஸுஜூது தேவை? இதே குடும்பத்தைச் சேர்ந்த சக்கரம் இலையின் பசுங்கணிகத்துக்குள்ளும் சுழல்கிறது. வாசலில் நிற்கும் வேம்பும் வீட்டுக்குள் இருக்கும் நாமும் ஒரே விதமான சக்கரத்தால்தான் உயிர் வாழ்கிறோம். படைத்தவன் ஒருவன் என்பதை நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கவனியுங்கள். இந்தச் சில்லறையை உடம்பு சேர்த்து வைக்க முடியாது. கொழுப்பாகச் சேர்க்கலாம், கல்லீரலில் மாவுச்சத்தாகச் சேர்க்கலாம். ஏடிபி என்ற சில்லறையின் கையிருப்பு தசையில் சில விநாடிகளுக்குத்தான். எந்த நேரத்திலும் உடம்பில் இருப்பது மிகச் சொற்பம். ஆனால் அதே சில்லறை திரும்பத் திரும்பச் செலவாகி, திரும்பத் திரும்பத் தயாராகி, ஒரு நாளில் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்குப் புழங்குகிறது. மூச்சு சில நிமிடம் நின்றால் முதலில் மூளை செத்துப்போவது இதனால்தான். கோடி ரூபாய் வங்கியில் வைத்திருப்பவனுக்கும் அடுத்த நிமிடத்துக்கான சக்தி இருப்பில் இல்லை. ஒவ்வொரு விநாடியும் கொடுத்துக்கொண்டே இருக்கிறான் ரஜ்ஜாக். நாம் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். "லா ஹவ்ல வலா குவ்வத்த" என்பது இப்போது புரிகிறதா?

அமானிதம் காக்கும் செல்

நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பதுபோல் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்கும். இல்லையென்றால் 2 மட்டும்தான். அந்த ஆக்சிஜனை நுரையீரலிலிருந்து சுமந்துபோய் ஒவ்வொரு செல்லுக்கும் கொடுப்பது இரத்தச் சிவப்பணு. முதிர்ந்த சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. அதாவது, வாழ்நாள் முழுக்க ஆக்சிஜனைச் சுமக்கிற அந்தச் செல், அதிலிருந்து தன் சக்திக்காக எடுத்துக்கொள்வதில்லை. அந்த 2 ஏடிபி வழியிலேயே தன் காலத்தை ஓட்டுகிறது. சுமந்ததை உரியவரிடம் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பைத்துல்மால் பணத்தைச் சுமப்பவர்கள், வக்ஃபு சொத்தைப் பார்ப்பவர்கள், அனாதையின் பங்கைக் கையில் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் பணத்தைத் தாய்க்குக் கொடுக்க வேண்டிய மூத்த பிள்ளைகள்... ஒருமுறை இந்தச் சிவப்பணுவை நினைத்துப் பாருங்கள். நம் இரத்தத்தில் ஓடும் அமானிதம் நம் கையில் இருக்கிறதா?

அதேபோல இன்னொரு செய்தி. நம் மைட்டோகாண்ட்ரியா நமக்குத் தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அவள் தாயிடமிருந்து வந்தது. தாய் பால் கொடுத்தாள், சோறு ஊட்டினாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தச் சோற்றைச் சக்தியாக்கும் கருவியும் அவள் கொடுத்ததே. அந்தக் கருவியின் சக்தியை வைத்துக்கொண்டு அவளிடமே குரலை உயர்த்துகிறவன் என்ன பதில் சொல்வான்?

பச்சை மரமும் நெருப்பும்

மக்கத்துக் குறைஷிகளில் ஒருவன், உளுத்துப்போன எலும்பை நபி (ஸல்) அவர்கள் முன் பொடியாக்கி, இதையா உன் இறைவன் உயிர்ப்பிப்பான் என்று ஏளனம் செய்தான். அதற்குப் பதிலாக இறங்கிய யாஸீன் சூராவின் கடைசிப் பகுதியில், 80-வது வசனத்தில், பச்சை மரத்திலிருந்து உங்களுக்கு நெருப்பை உண்டாக்கியவன் என்று அல்லாஹ் தன்னை அறிமுகம் செய்கிறான். தண்ணீரில் வளர்ந்து பசுமையான மரம், பிறகு காய்ந்து விறகாகி எரிவதை இமாம் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் இதன் விளக்கத்தில் எழுதுகிறார்கள். ஹிஜாஸில் வளரும், உரசினால் தீப்பொறி தரும் மர்க், அஃபார் என்ற மரங்களைக் குறிக்கும் என்ற கருத்தையும் சொல்கிறார்கள். முன்னோர்கள் சொன்ன இந்த விளக்கமே நமக்குப் போதுமானது. இதில் பச்சையத்தைத் தேட வேண்டியதில்லை.

ஆனால் அந்த நெருப்பைப் பார்க்கும்போது இன்று நமக்குத் தெரிந்த ஒன்றையும் நினைத்துக்கொள்ளலாம். விறகில் எரிவது, என்றோ ஒரு நாள் இலை பிடித்து வைத்த வெயில். நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரியும் பண்டைக் காலத்துத் தாவரங்களே. காற்றிலும் தண்ணீரிலும் சிதறிக் கிடந்ததைச் சேர்த்து மரமாக்குகிறவனுக்கு, மண்ணில் சிதறிய எலும்பைச் சேர்த்து மனிதனாக்குவது கஷ்டமா? அந்த வசனத்தின் வாதம் மறுமையைப் பற்றியது. அங்கேதான் நம் பேச்சும் போய்ச் சேர வேண்டும்.

திரும்பி வராத ஒன்று

தண்ணீர் சுற்றி வரும். கார்பனும் சுற்றி வரும். நாம் விட்ட மூச்சை இலை எடுக்கும், இலை விட்டதை நாம் எடுப்போம். ஆனால் சக்தி மட்டும் சுற்றி வராது. சூரியனிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து நமக்கு, நம்மிடமிருந்து வெப்பமாக வெளியே. அவ்வளவுதான். வெளியே போன வெப்பத்தைத் திரும்பச் சேர்த்து எந்த இலையும் சர்க்கரையாக்காது. அது ஒருவழிப் பாதை. ஒருமுறை செலவழித்தால் செலவழித்ததுதான்.

அதனால்தான் கேள்வி கணக்கு இருக்கிறது. ஒருநாள் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் பசியால் வீட்டைவிட்டு வெளியே வந்து, ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் பேரீச்சங்குலையும் இறைச்சியும் குளிர்ந்த நீரும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்தபின், இந்த நிஃமத்தைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. பசித்துச் சாப்பிட்ட ஒரு வேளை உணவுக்கே கேள்வி என்றால், வலீமா வீடுகளில் நாம் ஸஹனில் மிச்சம் வைத்துக் குப்பைக்கு அனுப்புகிற பிரியாணிக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? மாதக்கணக்கில் ஒரு வயல் பிடித்த வெயில் அது. நம் தெருவிலேயே செல்லுக்குப் போதிய சக்தி இல்லாமல் படுக்கும் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்தோமா?

அளவுக்கு மேல் சாப்பிட்டாலும் அது சக்தியாகாது, சுமையாகும். முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளம் போதும், கூடுதலாக வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று மிக்தாம் (ரலி) அறிவிக்கும் திர்மிதி ஹதீஸ் வழிகாட்டுகிறது. தொடர்ந்து நடப்பவரின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கு நடந்து வருகிறவருக்கு ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை. உடம்பிலும் சக்திக்கூடம் பெருகுகிறது. பக்கத்துத் தெருவுக்கும் பைக் எடுக்கும் வாலிபர்களே, யோசியுங்கள்!

இரவு 2 மணிவரை கைப்பேசியைத் தேய்த்துவிட்டு பஜ்ரில் எழ முடியவில்லை என்கிறோம். சக்தி இல்லாமல் போகவில்லை. வேறு இடத்தில் செலவாகிவிட்டது. அடித்த கையும் புறம் பேசிய நாவும் அல்லாஹ்வின் சில்லறையைத்தான் செலவழித்தன. அவன் கொடுத்ததை வைத்தே அவனுக்கு மாறு செய்வதைவிட வெட்கம் வேறு உண்டா?

மனித உடலின் 360 மூட்டுகளுக்கும் ஸதகா கடமை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. பாதையில் கிடக்கும் கல்லை அகற்றுவதும், ஒரு தஸ்பீஹும் அதில் சேரும். அபூதர் (ரலி) அறிவிப்பில், இரண்டு ரக்அத் ளுஹா தொழுகை அதற்கு ஈடாகும் என்று வருகிறது. இதை இன்றே தொடங்கலாம். மரம் நடுங்கள். அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ எது தின்றாலும் நட்டவருக்கு ஸதகா என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அடக்கஸ்தலத்தின் ஓரத்திலும் பள்ளிவாசல் காலி இடத்திலும் இந்த மழைக்காலத்தில் ஆளுக்கொரு கன்று வையுங்கள்.

உடம்பில் தெம்பு குறைந்த முதியவர்களே, நோயாளிகளே! நாற்காலியில் உட்கார்ந்து தொழ வேண்டியதாகிவிட்டதே என்று வருந்தாதீர்கள். அடியான் நோயுற்றால், ஆரோக்கியத்தில் அவன் செய்துவந்த அமல்கள் அவனுக்கு எழுதப்படுகின்றன என்று புகாரியில் வருகிறது. கொடுத்தவனே எடுத்தான். கணக்கை மட்டும் அவன் மூடவில்லை.

யா அல்லாஹ்! நீ கொடுத்த சக்தியை உன் வழியில் செலவழிக்கும் தௌபீக்கைத் தருவாயாக. எங்கள் ரிஜ்க்கில் பரக்கத் செய்வாயாக. வீண்விரயத்திலிருந்தும் சோம்பலிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், எங்கள் தாய்மார்களுக்கு உன் ரஹ்மத்தையும் தருவாயாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்!